ஆறிப்போன வெர்ஷன்

உயிரோடு இருந்த வால்டரோடு வரதன் கடைசியாகப் பேசியது திங்கட்கிழமை காலையில், காலடிப்பேட்டை டீக்கடை வாசலில். நன்றாகத்தான் இருந்தான். பன்னை டீயில் முக்கிக்கொண்டே சொன்னான்:

"வரதா, லினக்ஸ்ல புது வெர்ஷன் வந்துகீது. நீ இப்ப போட்டுடாத. கொஞ்ச நாள் பொறு."

"நீ போட்டுட்டியா?"

"கடையில போட்டுட்டேன். உனுக்கு இப்ப வேணாம். நானே வந்து போட்டுத் தரேன்."

வரதனுக்கு டீ கசந்தது.

இரண்டு பேர் கடையும் எதிரெதிரே. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் இரண்டிலும் உண்டு. வால்டர் கடையில் வரிசையாகக் கம்ப்யூட்டர், ஏசி. வரதன் கடையில் ஒன்றே ஒன்று, அதுவும் பழசு. திருட்டு விண்டோஸில் வைரஸ் புகுந்து அது செத்துக் கிடந்தபோது, வால்டர்தான் அதற்குப் பதில் ஓசியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான்.

அதிலிருந்து இதே கதைதான். புது வெர்ஷன் முதலில் வால்டர் கடையில் பளபளக்கும். பல மாதம் கழித்துத்தான் வால்டர் பென்டிரைவோடு வரதன் கடைக்கு வருவான்.

"சுடச்சுட அவன் துன்னுட்டு, ஆறிப்போனத எனக்குப் போடறான்" என்று வரதன் வீட்டில் பொருமுவான்.

"ஓசியில வர்றதுக்கு சூடு வேற கேக்குதா உனுக்கு?" என்பாள் மனைவி மதி.

இந்த முறை வரதன் பொறுக்கவில்லை. அன்றைக்கே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தானே டவுன்லோடு செய்து போட்டான்.

நூறு சதவீதம் என்று காட்டிவிட்டுத் திரை கறுத்தது. மறுபடி போட்டான். படம் வந்தது, நெட் வரவில்லை. மறுபடி போட்டான். நெட் வந்தது, தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. பிரிண்டர், இந்த மிஷினோடு தனக்குப் பழக்கமே இல்லை என்பதுபோல் சும்மா கிடந்தது. பழசைத் திருப்பிப் போடலாம் என்றால், அந்தப் பென்டிரைவ் வால்டரிடம்.

தெருவைத் தாண்டினால் வால்டர். வரதனுக்குக் கால் வரவில்லை.

புதன்கிழமை, மீன் விற்கும் கெங்கம்மா பென்ஷன் காகிதத்தோடு வந்தாள்.

"இன்னா வரதா, கடை தொறந்துகீது, மிஷின் தூங்கினுகீது?"

"சர்வர் டவுன், அக்கா."

"எதிர்ல வால்டருக்கு நல்லா ஓடுதே. உன் சர்வருக்கு மட்டும் ஜுரமா?"

கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டாள். வரதன் மிஷின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். 'அந்தக் கடைக்கு ஒரு நாளாச்சும் பூட்டு விழணும்' என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை பூட்டு விழுந்தது. வால்டர் தூக்கத்திலேயே போய்விட்டான். மாரடைப்பு.

ஆட்டோ ஓட்டும் சுஹைப், வால்டரின் போட்டோவோடு வரதனிடம் வந்தான்.

"சாயங்காலம் காசிமேடு கல்லறைக்குத் தூக்கறாங்கண்ணே. நோட்டீஸ் அடிச்சுக் குடு. தெரு பூரா ஒட்டணும்."

வரதன் 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்தான். திரையில் வரிசையாகக் கட்டங்கள் நின்றன.

சுஹைப் எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணே இது, ஜன்னல் கம்பி மாதிரி கீது. வேற கடையில குடுத்துடட்டா?"

"இரு. அவன் நோட்டீஸ நான்தான் அடிப்பேன்."

வால்டர் வீட்டுக்குப் போனான். சவப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த வால்டரின் மனைவி ஹில்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹில்டாம்மா, கடைச் சாவி வேணும். நோட்டீஸ் அடிக்கணும். என் மிஷின்ல..."

"கடை மிஷினுக்கெல்லாம் பாஸ்வேர்டு அவருக்குத்தாண்ணே தெரியும். உள்ரூம்ல ஒன்னு கீது. அதுக்கு பாஸ்வேர்டு கிடையாது. அதுல அடிங்க."

'வூட்லயும் ஒன்னு வச்சிருந்தானா?' அந்த நேரத்திலும் வரதன் மனசு ஓரமாகக் கேட்டது.

உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டான். மேசைமேல் தன் கடைக் கம்ப்யூட்டரே இருப்பதுபோல் இருந்தது. அதே கம்பெனி, அதே பழைய மாடல். பக்கத்தில் அதே பிரிண்டர், இப்போதெல்லாம் யாரும் விற்காதது.

"கடையில அம்மாம் நல்ல மிஷினு இருக்க, இத எதுக்கும்மா வச்சிருந்தான்?"

கதவோரம் வந்து நின்ற ஹில்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத வரதன் மிஷினுன்னுதாண்ணே சொல்லுவாரு. உங்குளுது மாதிரியே வேணும்னு பழைய சாமான் கடையெல்லாம் அலைஞ்சு வாங்கினாரு. புதுசு எது வந்தாலும் முதல்ல இதுல போட்டு, பேஜாரெல்லாம் தீத்துட்டுத்தான் உங்க கடைக்கு எடுத்துனு வருவாரு. இந்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக்கூட வரல. பிரிண்டே வரலன்னு இதோட மல்லுக்கட்டினு கிடந்தாரு. 'அவனுக்கு ஒரே மிஷினு, நின்னா கடையே நின்னுபூடும்'னு சொல்லி, பழசையே திருப்பிப் போட்டுட்டுத்தான் எழுந்தாரு."

வரதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வால்டரின் பெயரை அடித்தான். பிரிண்டர் முனகியது.

நோட்டீஸ் வந்தது. ஓர் எழுத்துகூடக் கட்டமாக வரவில்லை.