இன்னொரு கோட்டிங்

பொம்மை விமானத்தின் இரண்டு இறக்கைகளும் மேஜைமேல் மல்லாந்து கிடந்தன. மெல்லிய மரச் சட்டத்தின்மேல் பட்டுத்துணி ஒட்டியாயிற்று. இனி டோப் என்கிற வார்னிஷை அடித்தால், காயக் காயத் துணி இழுத்துக்கொண்டு விறைப்பாகிவிடும். மறுநாள் பறந்தாக வேண்டும்.

அடிக்கிற வேலை பிரஷ்ஷுடையது. பாவம், அதற்கு யாருடைய மனசையும் நோகடிக்கத் தெரியாது. ஆளுக்கு இரண்டு கோட்டிங் அடித்துவிட்டு, "அப்பாடா!" என்று நிமிர்ந்தது.

"அவளுக்கு ஒரு இழுப்பு கூட இழுத்தீங்களே அண்ணே, நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றது இடது இறக்கை.

"இல்லம்மா, சமமாத்தான் அடிச்சேன்."

"அப்புறம் ஏன் அவ மட்டும் பளபளன்னு இருக்கா?"

வம்பு எதற்கு என்று இடதுக்கு இன்னொரு கோட்டிங் போட்டது பிரஷ். வலது சும்மா இருக்குமா?

"என்னை மட்டும் தவிட்டுக்கா வாங்கினீங்க?" என்று மூக்கைச் சிந்தியது. அதைச் சமாதானப்படுத்த இரண்டு கோட்டிங் கூடவே போட வேண்டியதாயிற்று.

எல்லாம் காய்ந்தது. வலது இறக்கையின் துணி இழுத்த இழுப்பில் சட்டமே முறுக்கிக்கொண்டு, வெயிலில் மறந்துபோன அப்பளம் மாதிரி ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே என்று நின்றது.

பிரஷ் அதை அமுக்கி நிமிர்த்தப் பார்த்தது; நிமிரவில்லை. "ஐயையோ, இதை வெச்சு எப்படிம்மா பறக்கிறது? நல்லவேளை, நீயாவது நேரா இருக்கே!" என்று இடது பக்கம் திரும்பியது.

இடது இறக்கை தங்கையை மேலும் கீழும் பார்த்தது.

"அவளுக்கு மட்டும் எவ்வளவு அழகா வளைச்சு விட்டிருக்கீங்க! எனக்கு?"