கடைசி நோயாளிக்குப் பொன்னாடை

மாவட்டத் தலைநகரில் அமைச்சர் பொத்தானை அழுத்தியதும் மாவட்டம் முழுவதும் போதை ஒழிந்தது. அதே நொடியில் ஊர் மருத்துவமனையின் மருந்து இயந்திரமும் மூடிக்கொண்டது. முதுகுவலி மாத்திரைக்கு அடிமையாகி மீண்டுகொண்டிருந்த லூர்துவுக்குத் தினமும் மாற்று மருந்து தந்தது அதுதான். அவன் மனைவி ஜெசிந்தா அவன் விரலை மறுபடி அதன் கைரேகைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

“வாழ்த்துகள்! இம்மாவட்டத்தில் நோயாளிகள் இல்லை,” என்றது இயந்திரம்.

“அப்ப இங்க நடுங்கிக்கிட்டு நிக்கது யாரு, ஒன் தாத்தாவா?”

அதற்குள் அதிகாரிகள் லூர்துவை மருத்துவமனை வாசலில் போட்டிருந்த விழா மேடைக்கு இழுத்துப் போனார்கள். ஊரின் கடைசி நோயாளி என்று தாசில்தார் பொன்னாடை போர்த்தினார். அவன் முகத்தில் வழிந்த வியர்வையை ஆனந்தக் கண்ணீர் என்றார்.

“சார், மருந்து இல்லன்னா பழைய மாத்திரைக்கே போயிருவாரு,” என்றாள் ஜெசிந்தா.

“மருந்து குடுத்தா நோய் இருக்குன்னு ஆயிருமேம்மா!”

கூட்டத்தின் ஓரத்தில் அந்தப் பழைய மாத்திரையைத் திருட்டுத்தனமாக விற்கும் சேவியர் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான். லூர்துவின் கால்கள் அந்தப் பக்கம் திரும்பின. ஜெசிந்தா பொன்னாடையின் முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு அவனைப் பேருந்து நிலையத்துக்கு இழுத்து ஓடினாள்.

“பக்கத்து மாவட்டத்துல இன்னும் போதை இருக்குல்லா அண்ணாச்சி?”

“அடுத்த மாசம்தான் ஒழிக்காங்க. ஏறுங்க,” என்றார் நடத்துநர்.

உள்ளே உட்கார இடமில்லை. பொன்னாடை போர்த்திய கடைசி நோயாளிகள் இருக்கைதோறும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.