ரப்பர் குழாயின் ஈரம்

காலை ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சுவேன். ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வருவதற்குள் பொன்மணியின் புட்டியைப் பார்த்துவிடுவேன்.

என் மனைவி பொன்மணி பயிர் நோய் படித்தவள். மிளகாய் அழுகல் பூஞ்சையின் வித்துகளை நீர்த்துளியில் எடுத்து இரண்டு புட்டிகளில் வைத்தாள். ஒன்றில் மட்டும் தினமும் ரப்பர் குழாய் வழியாக ஊதுவாள். மூச்சிலிருக்கும் கரியமில வாயு வித்துகளை முளைக்கவிடாது என்பாள். ஊதாத புட்டியில் மறுநாளே முளைத்தது.

2006 தை மாதம் காய்ச்சலில் இறந்தாள். இப்போது ஆடி. வீட்டில் நான் மட்டும்தான். ஒருநாளும் ஊதவில்லை.

இன்று அவள் ஊதிவந்த புட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து, அவளுடைய நுண்ணோக்கியில் இருநூறு வித்துகளை எண்ணினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. குழாயின் முனை ஈரமாக இருந்தது. வழக்கம்போல் துடைத்து வைத்தேன்.

"ஆறு மாசமாச்சு மாப்ள. ஊறுகாயா போடப் போறீக? ஓடையில ஊத்துங்க," என்றார் பார்க்க வந்த மாமனார்.

"இருக்கட்டும் மாமா," என்றேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறும்போது அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நாளைக்கும் நானே ஊதிக்கிறேன். உங்க சிகரெட்டு வாய அதுல வைக்காதீக."