பெயர் கீறிய பரங்கிக்காய்

அந்தப் பண்ணையில் பங்குதாரராகச் சேர்ந்தவர்களுக்கு வாராவாரம் கீரையும் காயும் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். சேரும் அன்று கொடியில் ஒரு பரங்கிப் பிஞ்சைக் காட்டிப் பெயரைக் கீறச் சொல்வார்கள். காயோடு பெயரும் வளரும். திலீபன்தான் ஈர்க்குச்சியால் கீறினான். சாத்துக்குடி அளவு பிஞ்சில் அவன் பெயரும் மனைவி சங்கவியின் பெயரும் சுண்டுவிரல் நுழையாத நெருக்கத்தில் நின்றன.

“இப்படியா ஒட்டி எழுதுவ?” என்றாள்.

“வளந்தா தானா எடம் வந்துடும்” என்று சிரித்தான்.

இன்று அந்தக் காய் வந்துவிட்டது. பண்ணை வண்டிக்கார எபினேசர் அதை இரண்டு கைகளாலும் இறக்கி வைத்தார். “ரெண்டு பேருமாப் புடிச்சு வெட்டி, போட்டோவ நம்ம பண்ணை வாட்ஸப் குரூப்புல போட்டுருங்கக்கா. அண்ணன் இல்லையா?”

“வெளிய போயிருக்காரு.”

போய் ஐம்பது நாள் ஆகிறது என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

காயை மேசையில் வைத்தாள். பெயர்கள் சுவரைப் பார்க்கும்படி திருப்பினாள். கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டாள். மனம் கேட்காமல் மறுபடி இழுத்தாள். குரூப்பில் ஜோடி ஜோடியாகப் படங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. ‘சங்கவி, உங்களோடது எங்க?’ என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

கத்தியை எடுத்தவள், கீழே வைத்துவிட்டுக் காயின் முன்னால் உட்கார்ந்தாள். எழுத்துகள் தடித்துத் தழும்பேறியிருந்தன. இரண்டு பெயர்களுக்கும் நடுவே உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தாள். கை முழுதாக அடங்கியது. அந்த இடம் வழவழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.