வேட்டை தொடங்கும் சனிக்கிழமை

“வருஷா வருஷம் மான் வேட்டை சீசன் தொடங்குற நாள்லயா அடக்கம் வைப்பீங்க, பாஸ்டர்?” கார்லா கொதித்தாள். “அப்பாவோட பட்டாளத்துக் கூட்டாளிங்க எல்லாரும் காட்டுல இருப்பாங்க. மரியாதைக்குத் துப்பாக்கி சுடக்கூட ஆள் வராது. ஊருக்குப் புதுசுன்னா நாலு பேரைக் கேட்டுச் செய்யக் கூடாதா?”

பாஸ்டர் தலை குனிந்துகொண்டார். அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“அவரை ஏன்டி வையிற? நாள் குறிச்சது நான்தான்.”

“நீயா? ஏம்மா?”

“காகித ஆலையில லீவே எடுக்காத மனுஷன், நீ பொறந்த அன்னிக்கு லீவு போட்டாரு, மான் சுடப் போக. எங்கப்பாவைப் புதைச்ச அன்னிக்கும் காட்டுலதான். நாப்பத்தோரு வருஷமா இந்த நாள்ல வீடு தங்கினதில்ல. இந்த ஒரு தடவையாவது என் பக்கத்துல கிடக்கட்டும்.”