லொரெட்டாவுக்கு வரும் கடிதம்

ராக்கி மலையடிவாரத்து டன்மோரில், வேட்டை உரிமம் எழுதித் தரும் தூண்டில் கடைக்குள் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. மூஸ் மானைச் சுடும் உரிமம் குலுக்கலில்தான் கிடைக்கும்; பெயர் விழாத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி சேரும், புள்ளி கூடினால் வாய்ப்பும் கூடும். "சட்டத்த மாத்திட்டாங்க ஆர்வின்," என்று கடைக்காரி மேவிஸ் கணினியைத் திருப்பிக் காட்டுகிறாள். "இறந்தவங்க புள்ளி இனிமே புருஷனுக்கோ பொண்டாட்டிக்கோ வந்துரும். உங்க சம்சாரம் லொரெட்டாவோடதும் சேர்ந்தா மூஸ் உங்களுக்குத்தான். குறி தப்பாம சுட்டாப் போதும்!" ஆர்வின் சிரிக்கவில்லை. ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றிக் கசக்குகிறார். "வேணாம்மா. இந்த வருஷமும் அவ பேர்லயே குலுக்கலுக்கு மனு போடு." மேவிஸின் விரல் அந்தரத்தில் நிற்கிறது. தொட்டியில் தூண்டில் இரைக்கான குட்டி மீன்கள் சளசளக்கின்றன. "அவங்க பேர்ல எப்படி..." என்கிறாள். "ஜூன்ல, உங்களுக்கு விழலைன்னு ஒரு லெட்டர் வருமே," என்கிறார் ஆர்வின். "அவ பேர் போட்டு வீட்டுக்கு வர்றது இப்ப அது ஒண்ணுதான்."