எந்தக் கால்?

“ரக்பிக்கு ஒரே அணி. பாக்ஸிங்குக்கும் ஒரே அணி. ஃபுட்பாலுக்கு மட்டும் வடக்குக்கு ஒண்ணு, தெற்குக்கு ஒண்ணு. இந்தத் தீவுக்காரனுக்குக் கணக்கே வராது தம்பி” என்றார் மெர்வின், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஆமா சார்” என்றான் ஃபின். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் ஆபத்து.

வட அயர்லாந்தின் கிழக்கு பெல்ஃபாஸ்டில் அது புராட்டஸ்டன்ட் வீடு. அவனோ கத்தோலிக்கன். லோர்னாவைக் கட்டிக்கொள்ள அவள் அப்பா மெர்வினின் சம்மதம் கேட்க வந்திருக்கிறான். ஃபின்டன் என்ற கத்தோலிக்கப் பெயரை முழுசாகச் சொன்னால் அங்கேயே குட்டு உடைந்துவிடும் என்று லோர்னா அதைப் பாதியாக வெட்டிவிட்டாள். “முதல்ல டாடிக்கு உன்னைப் பிடிக்கட்டும். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்” என்று வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

டி.வி.யில் அயர்லாந்துக்கும் பிரான்சுக்கும் ரக்பி. பத்து நிமிஷம்தான் பாக்கி, அயர்லாந்து இரண்டு புள்ளி பின்னால். அயர்லாந்து ஆட்டக்காரன் மைதானத்தின் வலது ஓரத்தில் பந்தை நிறுத்தி, நாலு அடி பின்வாங்கி, ஓடி வந்து உதைத்தான். பந்து கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனது.

மெர்வின் தலையில் கைவைத்துக்கொண்டார். “அந்த ஓரத்துல இருந்து ஒரு இடதுகால்காரன் உதைச்சிருந்தா கண்ணை மூடிக்கிட்டு உள்ள போயிருக்கும். என்ன சொல்றே?”

ஃபின்னுக்குத் தேநீர் புரையேறியது. அந்த ஊரில் இடதுகால்காரன் என்றால் கத்தோலிக்கன், வலதுகால்காரன் என்றால் புராட்டஸ்டன்ட். மதத்தை நேராகக் கேட்கக் கூசுகிறவர்கள் ‘எந்தக் காலால் உதைப்பாய்?’ என்றுதான் கேட்பார்கள். மனுஷன் மோப்பம் பிடித்துவிட்டாரா?

“காத்து அந்தப் பக்கமா அடிக்குது சார்” என்று சமாளித்தான்.

“காத்தாவது ஒண்ணாவது. நேத்து பாக்ஸிங் பாத்தியா? நம்ம பொண்ணு இடது கைக்காரி. அந்த ஜெர்மன்காரிக்கு அடி எங்கேருந்து வருதுன்னே தெரியலை. ஏழாவது ரவுண்டுல மல்லாந்துட்டா. இடதுன்னாலே தனிதான்.”

“பாத்தேன் சார். ஆனா அவ மோவாயை மறைக்காமலே ஆடறா. நல்ல குத்து ஒண்ணு வாங்கினா அன்னிக்கு அவ கதை முடிஞ்சுது.”

“முடியுமா? அடுத்த ஜென்மத்துல முடியும்.” மெர்வின் உற்சாகமாக நாற்காலியை இவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “சரி, ஃபுட்பாலுக்கு வா. நம்ம அணி எப்படி?”

எந்த ‘நம்ம அணி’? வடக்கா, தெற்கா? “பச்சைச் சட்டை போட்டு ஆடினா எனக்குச் சந்தோஷம் சார்.”

“ரெண்டு பேருமே பச்சைதானேப்பா.” கடகடவென்று சிரித்தார். “ரெண்டு பேருக்கும் இடது ஓரம் ஓட்டை. அதை விடு. உன் ஸ்கூல்ல என்ன ஆடினீங்க?”

கத்தோலிக்கப் பிள்ளைகள் ஆடும் கேலிக் ஃபுட்பால் என்று சொன்னால் அத்தனையும் முடிந்தது. “பந்துன்னு எது கிடைச்சாலும் ஆடுவோம் சார்.”

“ஞாயித்துக்கிழமை காலையில எங்கே போவே?”

லோர்னா சாண்ட்விச் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மாதா கோயிலைத்தான் கேட்கிறார் என்று இருவருக்கும் பட்டது.

“எங்கேயும் போறதில்லை சார். தூக்கம்தான்.”

“ரொம்ப நல்லது” என்றார் மெர்வின். அந்தத் திருப்தி எதற்கென்று ஃபின்னுக்கு விளங்கவில்லை.

அதற்குள் டி.வி.யில் கூச்சல். கடைசி நிமிஷம். பச்சைச் சட்டைக்காரர்கள் பிரான்ஸ் அணியின் கோட்டுக்கு இரண்டு அடி தூரத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். மெர்வின் எழுந்தார். ஃபின்னும் எழுந்தான். “தள்ளுங்கடா, தள்ளுங்கடா” என்று இருவரும் சோபாவையே தள்ளிக்கொண்டிருந்தபோது, குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு பந்தைக் கோட்டுக்கு மேல் அழுத்தியது. ஐந்து புள்ளி; அயர்லாந்து ஜெயித்துவிட்டது. மாமனாரும் மருமகனும் ஆகப்போகிறவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்ததில் சாண்ட்விச்செல்லாம் தரையில்.

மூச்சு வாங்க உட்கார்ந்த மெர்வின் டி.வி.யை அணைத்தார். அவர் முகம் மாறிவிட்டது.

“சுத்தி வளைச்சது போதும் தம்பி. நேராவே கேக்கறேன். நீ எந்தக் காலால உதைப்பே?”

லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள். இனி ஒளித்துப் பயனில்லை. இந்த மனிதரிடம் பொய் சொல்லவும் ஃபின்னுக்கு மனம் வரவில்லை.

“இடது கால் சார். நான் கத்தோலிக்கன். முழுப் பேரு ஃபின்டன். ஆனா உங்க பொண்ணைத் தவிர வேற யாரையும் கட்டிக்கமாட்டேன்.”

மெர்வின் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அட, மதத்தை யாருப்பா கேட்டது? நாளைக்கு ஞாயித்துக்கிழமை காலையில எங்க பஸ் டிப்போ அணிக்கு ஃபுட்பால் ஃபைனல். இடது ஓரத்துல ஆடுற பய கணுக்காலை ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். என்னை மாதிரி டிரைவரோட குடும்பத்து ஆளும் ஆடலாம்னு விதி இருக்கு. கட்டிக்கப்போறவனும் குடும்பம்தான்னு நான் பேசி வெச்சுட்டேன். நிஜக் காலைச் சொல்லு. பந்தை எதுல உதைப்பே?”

“வலது கால் சார்.”

மெர்வின் இடிந்துபோய் மகள் பக்கம் திரும்பினார்.

“கத்தோலிக்கனா இருந்தா எனக்கு ஒண்ணுமில்லை லோர்னா. ஆனா, போயும் போயும் ஒரு வலதுகால்காரனையா பிடிச்சுட்டு வருவே?”